மூச்சை இழுக்காதீர்கள், விடுங்கள்

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பிரசன்டேஷன். பெரிய தலைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "டென்ஷனா இருந்தா நல்லா மூச்சை இழுத்து விடு" என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வர, சரி என்று கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இழுத்தேன். தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு, விலா விரிய, வேகவேகமாக ஒரு முப்பது தடவை. அமைதியா வந்தது? தலை கிறுகிறுத்தது, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் மதமதத்தது, உதடு மரத்துப்போனது. மாரடைப்புதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அறைக்குள் போனவன், முதல் ஸ்லைடில் என் பெயரையே தடுமாறித்தான் சொன்னேன்.

இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார். அன்றைக்கு நான் விட்டது ஆழமான மூச்சே இல்லை, அளவுக்கு மீறிய மூச்சு. ஆழம் வேறு, அதிகம் வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம், பிடிபடாவிட்டால் எத்தனை செயலி இறக்கினாலும் என்னைப்போல் கழிவறைச் சுவரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நம் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். 'மூச்சு விட நேரமில்லை' என்கிறோம், இழுக்க நேரமில்லை என்று யாரும் சொல்வதில்லை. 'நிம்மதியா மூச்சு விட்டேன்' என்கிறோம். அதே சமயம் ஒருவர் 'இழுத்துக்கொண்டு கிடக்கிறார்' என்றால் நிலைமையே வேறு, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் கட்டம். ஆக, நிம்மதி விடுவதில்தான் இருக்கிறது என்று தமிழுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. உடம்பின் கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். 'ஆழமாக மூச்சு விட்டால் மூளைக்கு நிறைய ஆக்சிஜன் போகும், அதனால்தான் அமைதி வருகிறது' என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒருவர் அனுப்புகிறார். 2021இல் இங்கே சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்த, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் உங்கள் இழுப்பறையிலும் எங்கேயாவது கிடக்கும், பேட்டரி போட்டு விரலில் மாட்டிப் பாருங்கள். நான் அம்மாவுக்கு மாட்டினேன், 97. அஞ்சு நிமிடம் நிதானமாக மூச்சு விடச் சொன்னேன், 98. "இதுக்குத்தானா இவ்வளவு நேரம் உட்கார வச்ச?" என்றார். ஆரோக்கியமானவருடைய ரத்தத்தில் இந்த அளவு சாதாரணமாகவே 95க்கு மேல்தான் இருக்கும், ஏற்கெனவே நிரம்பிய வாளி அது. மேலே ஊற்றினால் வழியத்தான் செய்யும்.

பிறகு எனக்கு ஏன் தலை சுற்றியது? வழிந்தது ஆக்சிஜன் அல்ல, கரியமில வாயு. அதைக் கழிவு என்று பள்ளியில் படித்தோம், ஆனால் ரத்தத்தில் அது ஓர் அளவுக்கு இருந்தே ஆக வேண்டும். வேகவேகமாகப் பெரிய மூச்சு விட்டால் அது மளமளவென்று வெளியேறிவிடும். அப்போது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், ரத்தத்தின் காரத்தன்மை கூடி விரலும் உதடும் மதமதக்கும். யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. மூளைக்குக் காற்று அனுப்புகிறேன் பேர்வழி என்று, போய்க்கொண்டிருந்த ரத்தத்தையும் நானே குறைத்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் ஆழமான மூச்சு என்பது என்ன? கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே போவது ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் காற்று. அதில் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிட்டு, நுரையீரலின் காற்றுப் பைகளைத் தொடாமலே திரும்பி வந்துவிடும். பதற்றத்தில் இருப்பவர் 250 மில்லியாக 20 தடவை விடுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 5 லிட்டர், ஆனால் ஒவ்வொன்றிலும் 150 வீண், பயன்படுவது 2 லிட்டர்தான். நிதானமாக இருப்பவர் 500 மில்லியாக 10 தடவை விடுகிறார், அதே 5 லிட்டர், பயன்படுவது மூன்றரை லிட்டர். காற்று ஒரே அளவு, பலன் ஒன்றே முக்கால் மடங்கு. ஆழமும் நிதானமும் சேர்ந்தால்தான் இந்த லாபம். ஆழத்தோடு வேகத்தையும் கூட்டினால் என் கழிவறைக் கதைதான்.

இந்த ஆழம் எங்கிருந்து வருகிறது என்றால், நெஞ்சிலிருந்து அல்ல. நுரையீரலுக்குக் கீழே குடை விரித்த மாதிரி ஒரு தசை இருக்கிறது, உதரவிதானம் என்று பெயர். அது கீழே இறங்கினால் நுரையீரல் விரிந்து காற்று உள்ளே வரும், இடம் போதாமல் வயிறு முன்னால் தள்ளும். மேலே ஏறினால் காற்று வெளியே போகும், வயிறு உள்ளே போகும். தூங்கும் குழந்தையைப் பாருங்கள், வயிறுதான் ஏறி இறங்கும். நாம் மட்டும் வளர வளர, தொப்பையை உள்ளிழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றே பழகி, மூச்சைக் கழுத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒரு கிலோ துவரம் பருப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்துவிடலாம். தேக்காவில் வாங்கியதோ முஸ்தஃபாவில் வாங்கியதோ, பிரிக்காததாக இருந்தால் நல்லது. தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பொட்டலத்தைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது பொட்டலம் ஏற வேண்டும், வெளியே வரும்போது இறங்க வேண்டும், நெஞ்சு அதிகம் அசையக் கூடாது. முதல் தடவை நிறையப் பேருக்கு உல்டாவாகத்தான் வரும், இழுக்கும்போது வயிறு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான். பொட்டலத்தைத் தூக்க வேண்டும் என்று முக்காதீர்கள். முதலில் காற்றையெல்லாம் மெதுவாக வெளியே விட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும், பொட்டலமும் தானாக ஏறும். ரெண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும். பிறகு உட்கார்ந்து, கையை வயிற்றில் வைத்து, அப்புறம் கையும் இல்லாமல்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வயிறு ஏறி இறங்குவதற்கும் மனசு அடங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டுநர் பயிற்சி நிலையக் காரில் உட்கார்ந்திருப்பீர்கள். பயிற்றுநர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நம் உடம்பில் இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை எல்லாவற்றையும் ஓட்டுவது நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு நரம்பு மண்டலம். 'இதயமே, மெதுவாகத் துடி' என்று சொன்னால் அது கேட்காது. மூச்சையும் பெரும்பாலும் மூளைத்தண்டுதான் ஓட்டுகிறது, அதனால்தான் தூக்கத்திலும் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் இதற்கு மட்டும் நம் காலடியிலும் ஒரு பெடல் வைத்திருக்கிறார்கள். வேண்டும்போது மெதுவாக்கலாம், நிறுத்தலாம், நீட்டலாம். மூச்சை மெதுவாக்கினால் அதோடு கோத்திருக்கும் இதயமும் கூடவே வருகிறது, அதுதான் விசேஷம்.

கோத்திருப்பது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். இல்லை, விரலால். என் மகளுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஒருநாள் அவள் மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். உள்ளே இழுக்கும்போது நாடி டக்டக்டக் என்று நெருங்கி வந்தது. வெளியே விட விட, டக்... டக்... டக் என்று இடைவெளி விட்டது. அவளே இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, ஹார்ட் ரிப்பேரா?" என்றாள். ரிப்பேர் இல்லை, நல்ல இதயத்துக்கு அதுதான் அழகு. மூச்சு விடும்போது வேகஸ் என்ற நரம்பு வழியாக இதயத்துக்கு 'மெதுவாகப் போ' என்ற சொல் போகிறது, இழுக்கும்போது அந்தச் சொல் கொஞ்சம் தளர்கிறது. சிறுவர்களிடம் இது பளிச்சென்று தெரியும், வயது ஏற ஏற மங்கும். என் நாடியில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். பிரேக் பிடித்திருக்கும் நேரம் கூடுகிறது. பழைய யோகக் கணக்கிலும், மாத்திரை என்ற கால அளவில், உள்ளே வாங்கும் பூரகம் 16 என்றால் வெளியே விடும் இரேசகம் 32. உள்ளே வாங்குவதைப்போல் இரண்டு பங்கு நேரம் வெளியே விட வேண்டும். நடுவில் 64 மாத்திரை அடக்கி வைக்கும் கும்பகமும் உண்டு, அதை குருவிடம் உட்கார்ந்து கற்பவர்களுக்கு விட்டுவிடுவோம். வீட்டில் தனியாகத் தொடங்குகிற ஆளுக்கு மூச்சை அடக்கும் வேலையே வேண்டாம் என்பது என் கட்சி.

தேசிய சேவையில் இருந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. தெக்கோங் தீவில் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தபோது என்ன சொன்னார்கள்? மூச்சை விடு, அடுத்தது எடுப்பதற்கு முன் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் விசையை அழுத்து. கை ஆடாமல் இருப்பது அந்த ஓரிரு விநாடிதான். பத்தொன்பது வயதில் அதைத் துப்பாக்கிக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

எவ்வளவு மெதுவாக? நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. கழுத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரிகள் உண்டு. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கி, இறங்கினால் வேகப்படுத்தி, ஓயாமல் சரி செய்துகொண்டே இருக்கும் ஏற்பாடு அது. அதன் ஊசலாட்டம் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒரு சுற்று. மூச்சும் 10 விநாடிக்கு ஒன்றாக வந்தால் இரண்டும் ஒத்துப்போகும். நம் புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில் குழந்தையை ஊஞ்சலில் ஆட்டும்போது, அது திரும்பி வரும் நேரம் பார்த்து லேசாகத் தள்ளினாலே உயரப் போகுமே, அந்த மாதிரி. நேரம் தப்பித் தள்ளினால் கைதான் வலிக்கும்.

2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைப் பற்றி ஓர் அழகான ஆய்வு வந்தது. இத்தாலியில் 23 பேரை ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே' மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று வந்து நின்றது. வெவ்வேறு இரண்டு மரபுகள், ஒரே இடத்தில். சிராங்கூன் சாலைக் கோயிலில் பதிகம் பாடுகிறவர் ஒரு வரியை ஒரே மூச்சில் இழுத்து முடிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த எண் ஞாபகம் வருகிறது. அவரிடம் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்க்கும் ஆசையும் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதுகு சாய்ந்தோ நிமிர்ந்தோ, உடம்பு இறுகாமல் உட்காருங்கள். முதலில் வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. ஒரு எண்ணிக்கை ஒரு விநாடி. வயிறு நிறைய நிறைய வாங்க வேண்டாம், சாப்பாட்டில் முக்கால் வயிறு என்போமே, அந்த அளவு போதும். வெளியே விடுவது மூக்கு வழியாகவும் இருக்கலாம். வாய் வழியாக என்றால் சூடான தே-ஓவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, மெல்ல. 4-6 திணறலாக இருந்தால் 3-4இல் தொடங்குங்கள், எண் முக்கியமில்லை, திணறாமல் இருப்பதுதான் முக்கியம். கொட்டாவி வந்தால் நல்லது. தலை லேசாகக் கிறுகிறுத்தால் நிறைய வாங்குகிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். 5 நிமிடம், மொத்தமே 30 மூச்சு.

எங்கே, எப்போது என்று கேட்டால், நான் எம்ஆர்டி ரயிலில் செய்கிறேன். தெம்பனிசில் ஏறினால் சீமெய், தானா மேரா என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் பத்துப் பதினைந்து மூச்சு தேறும். கண்ணை மூட வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்று, பதற்றம் வந்த அன்றைக்குத்தான் முதல்முதலாகச் செய்து பார்ப்பேன் என்று இருந்துவிடாதீர்கள். ஆற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்கிற கதையாகிவிடும். சும்மா இருக்கும் நாளில் பழகிய உடம்புக்குத்தான், நெருக்கடியில் ஒரே ஒரு நீண்ட மூச்சு விட்டாலும் வழி தெரியும்.

அவசரத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் பெருமூச்சு. "பெருமூச்சு விடாதே, வீட்டுக்கு ஆகாது" என்று பாட்டி சொல்லியிருப்பார், அந்த விஷயத்தில் மட்டும் பாட்டியோடு நான் ஒத்துப்போகவில்லை. மூக்கால் ஒரு முறை உள்ளே வாங்கி, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் வாங்கி, பிறகு வாயால் நீளமாக விடுங்கள். அழுது ஓய்ந்த குழந்தை விசும்புமே, ஏறத்தாழ அதுதான். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரைத் தினமும் 5 நிமிடம் இப்படிச் செய்ய வைத்தார்கள், வேறு சிலரைத் தியானத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு மாதத்தில் பதற்றம் இரு பக்கமும் குறைந்தது, மனநிலை மட்டும் பெருமூச்சுக்காரர்களுக்குக் கூடுதலாக முன்னேறியிருந்தது.

புகைமூட்ட நாட்களில் வெளியே நின்று இதைச் செய்யாதீர்கள். 2013 ஜூனில் காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 400ஐத் தாண்டியபோது இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்தக் காற்றை ஆழமாக வாங்கி என்ன ஆகப்போகிறது. ஆஸ்துமா இருந்தால் முதலில் இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி அதற்கு மாற்று இல்லை. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மூச்சுத் திணறல் அடங்காவிட்டாலும் எண்ணிக்கொண்டு உட்காராமல் இங்கே ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். பதற்றம் வாரக்கணக்கில் விடாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அதற்கும் மருத்துவர் இருக்கிறார். இன்னொன்று, சிலருக்கு மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே பதற்றம் ஏறும். அவர்கள் வாய்க்குள் ஒரு பாட்டை மெதுவாக முணுமுணுத்தால் போதும், மூச்சு தானாக நீளும்.

தெளிவாக யோசிக்க இது எப்படி உதவும் என்று கேட்பீர்கள். மூச்சு அறிவைக் கூட்டாது, தெரியாத பதிலைக் கொண்டுவந்து தராது. பதற்றத்தில் மூளை ஆபத்து எங்கே என்று தேடுவதிலேயே மும்முரமாகிவிடும், நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி ஒப்பிடும் திறன் அப்போது குன்றிவிடும். பதில் உள்ளேதான் இருக்கும், கைக்கு வராது. மகள் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்யும்போது இதை அப்படியே பார்த்தேன். காணொளி முடிந்து நான் கேள்வி கேட்ட அடுத்த நொடி, "அது வந்து... அது வந்து..." என்று தொடங்குவாள், கண் கூரைக்குப் போய்விடும். வீட்டில் மணிக்கணக்காக வாயாடுகிற பெண். கேள்வியைக் கேட்டதும் பேசாதே, ஒரு மூச்சை முழுசாக விட்டுவிட்டுப் பேசு என்றேன். ஆறு விநாடி மௌனம் அவளுக்கு ஒரு யுகம்போல இருந்திருக்கும், ஆனால் அந்த ஆறு விநாடியில் கேள்வி என்ன என்பதை அவள் இரண்டாம் தடவை கேட்டுக்கொள்கிறாள். பூங்காவில் குப்பை போட்ட பையனைப் பற்றிய காணொளிக்கு, "நானா இருந்தா முதல்ல பக்கத்துல குப்பைத்தொட்டி இருக்கான்னு பார்ப்பேன்" என்றாள். எனக்கே தோன்றாத பதில்.

அதற்குப் பிறகு என்னைக் கண்காணிப்பது அவள் வேலையாகிவிட்டது. அலுவலகக் குறுஞ்செய்தி வந்து நான் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தால், "அப்பா, மூச்சே விடலை நீங்க" என்கிறாள். உண்மைதான், திரையைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். நேற்று ராத்திரி அப்படி ஒரு செய்திக்குச் சூடாகப் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் பேசாமல் போய்த் துவரம் பருப்பை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். படுத்தேன். முப்பது மூச்சு கழித்து எழுந்து, தட்டியதை அழித்துவிட்டு, 'நாளை பேசலாம்' என்று மட்டும் அனுப்பினேன். சமையலறையிலிருந்து, "சாம்பாருக்கு வச்சிருந்த பருப்பு எங்கங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி.